ஆயிரத்தில் சேராத பொய்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்து வை என்று ஒரு பழமொழி. ‘ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி’ என்பதுதான் நாளடைவில் இப்படித் திரிந்துவிட்டது என்று தமிழாசிரியர்கள் மேடையில் விளக்குவார்கள். நானும் தமிழாசிரியைதான், ஆனால் இந்த விளக்கத்தை வகுப்பில் சொல்வதில்லை. பழமொழியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உட்கார வைக்கிற வேலை அது. நம் ஆட்கள் பொய் என்றுதான் சொன்னார்கள், பொய்தான் சொன்னார்கள்.

செஞ்சியிலும் சுற்றுப்பட்டிலும் நான் போய்ச் சாப்பிட்டு மொய் எழுதிவிட்டு வந்த கல்யாணங்களை நினைத்துப் பார்க்கிறேன். மாப்பிள்ளை சென்னையில் சூப்பர்வைசர் என்றார்கள். போன பிறகு பார்த்தால் ஒப்பந்தக் கூலி, அதுவும் ஆறு மாதமாக வேலை இல்லை. குடிப்பழக்கமே கிடையாது என்றார்கள். நாலு ஏக்கர் நஞ்சை என்றார்கள். பத்திரம் அடமானத்தில் இருந்தது. தெரிய வந்ததும் பெண் வீட்டார் இரண்டு நாள் அழுவார்கள். பிறகு ‘கல்யாணம்னா நாலும்தான் இருக்கும்’ என்று யாராவது பெரியவர் சொல்வார், பெண்ணைப் பேருந்து ஏற்றிவிடுவார்கள். ஆயிரத்தில் அதுவும் ஒன்று என்று கணக்கு முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் இந்த ஆயிரத்தில் யாரும் சேர்ப்பதில்லை. பெண்ணுக்கு வலிப்பு வரும் என்பதைச் சொல்லாமல் விட்டது. அது தெரிந்த அன்றைக்கே சீர்வரிசைப் பாத்திரங்களும் கட்டிலும் பீரோவும் வண்டியேறித் திரும்பி வருகின்றன. கூடவே பெண்ணும்.

வலிப்புள்ள ஒரு பெண் தன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்லாமல் இருப்பது பொய்யா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் இளங்கலை மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி. பதினான்கு வயதில் அவளுக்கு முதல் வலிப்பு. காற்றுக் கருப்பு, கண்ணேறு, இரத்தசோகை, பரீட்சைப் பயம் என்று மூன்று வருடம் நாலு பெயர் சொல்லி, கடைசியில்தான் நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மாத்திரை ஒழுங்காக எடுத்து ஒன்றரை வருடமாக வலிப்பு இல்லை. இப்போது வரன் வருகிறது. “சொல்லணுமாம்மா?” என்றாள். அவள் அம்மாவின் பதில் தயாராக இருந்தது: “சொன்னா முடிஞ்சுது. கீழ தங்கச்சி ஒருத்தி நிக்கறா.” யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தக் கட்டுரை அந்த யோசனை.

முதலில் நான் சட்டத்தைப் போய்ப் பார்த்தேன். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் வந்தபோது அதில் வலிப்பு என்ற சொல்லே இல்லை. 1976இல் செய்த திருத்தத்தில்தான் அது நுழைந்தது. திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வருகிறவர் மணம் செய்யத் தகுதியற்றவர் என்று எழுதினார்கள். அப்படி நடந்த திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். 1976 என்றால் எப்டாயின் மாத்திரை உலகச் சந்தைக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்த காலம். சென்னையில் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிக் கால் நூற்றாண்டு. வேலூரில் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அதற்கும் ஒரு வருடம் முன்னால். மருத்துவம் முன்னே போய்க்கொண்டிருந்தபோது சட்டம் பின்னே நடந்தது. அந்த இரண்டு சொற்களை நீக்க 1999 டிசம்பர்வரை ஆயிற்று. சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் அப்போதுதான் நீக்கினார்கள். 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, வலிப்பு குணப்படுத்த முடியாத நோயும் அல்ல, மனநோயும் அல்ல, அதைக் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது என்று ஒரு கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆனாலும் ஒரு சந்து திறந்தே இருக்கிறது. முக்கியமான விஷயத்தை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கிவிட்டார்கள் என்று வாதிட அதே சட்டத்தில் இடம் உண்டு. எது முக்கியமான விஷயம்? அது வழக்குப் போடுகிறவரின் வீட்டில்தான் முதலில் முடிவாகிறது. குடிப்பதை மறைத்தார் என்று எத்தனை பெண்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்?

சட்டம் எனக்கு உதவவில்லை. நோயைப் புரிந்துகொண்டால் கேள்வி தெளியுமா என்று பார்த்தேன்.

வலித்தல் என்றால் தமிழில் இழுத்தல். துடுப்பு வலிப்பது என்கிறோமே, அந்த வலித்தல். நோவு என்ற பொருளும் வலிமை என்ற பொருளும் அதே வேரைச் சுற்றித்தான் நிற்கின்றன. மூளையின் நரம்பணுக்கள் சிறுசிறு மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் அணுக்கள் கட்டுமீறி ஒரே சமயத்தில் துடிக்கும்போது கை கால் இழுக்கிறது, அல்லது கண் மட்டும் ஓரிடத்தில் நிலைக்கிறது, அல்லது பேசிக்கொண்டிருந்தவர் அரை நிமிடம் எங்கோ போய்விட்டு வருகிறார். கீழே விழுந்து நுரை தள்ளுவது மட்டும்தான் வலிப்பு என்று நினைத்து இந்த மற்ற வகைகளை வருடக்கணக்கில் தவறவிடுகிறோம். ‘வகுப்பில் கனவு காண்கிறாள்’ என்று பெஞ்சின்மேல் ஏற்றப்பட்ட சிறுமிகளில் சிலருக்காவது தேவைப்பட்டது மாத்திரை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும்.

சரியாகக் கண்டுபிடித்து என்பதில்தான் என் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. சர்க்கரைக்கு இரத்தம் எடுக்கிறார்கள், எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வலிப்புக்கு முதல் கருவி ஒரு வாய்மொழி. பார்த்தவர் சொல்வது. இஇஜி என்கிற மூளை மின்னலைப் பதிவு இருக்கிறது, எம்ஆர்ஐ இருக்கிறது. ஆனால் வலிப்பு நோய் உள்ளவருக்கே இஇஜி சாதாரணமாக வரலாம், எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலிப்பு வந்தவருக்கோ பல சமயம் எதுவுமே நினைவிருக்காது. ஆகவே மருத்துவர் கூட வந்தவரைப் பார்த்துத்தான் கேட்கிறார்: முதலில் எந்தக் கை இழுத்தது? தலை எந்தப் பக்கம் திரும்பியது? கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? எத்தனை நிமிடம்? தூங்காமல் இருந்தாளா, சாப்பிடாமல் இருந்தாளா, மாதவிலக்கு நாளா? மாதவிலக்கை ஒட்டி மட்டும் வலிப்பு கூடுகிற பெண்கள் உண்டு. தலையில் வெந்நீர் ஊற்றும்போது மட்டும் வருகிற ஒரு வகை உண்டு. நம் தென்னிந்தியாவில்தான் அது அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிடுகிற கை யாருடையதோ, அவர்தான் அதை முதலில் கவனிக்க முடியும். நீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு அது மட்டுப்படுகிறது.

வேறு எந்த நோயிலும் இந்த அளவுக்குச் சாட்சி தேவைப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. பெண்ணுக்கு இந்த நோய் வந்தால் வீடு செய்கிற முதல் காரியம் சாட்சிகளைக் கலைப்பது. கதவைச் சாத்துகிறார்கள். பக்கத்து வீட்டாரை அனுப்பிவிடுகிறார்கள். தம்பியிடம் ‘வெளியில சொல்லாத’ என்கிறார்கள். மருத்துவரிடமும் பாதியைத்தான் சொல்கிறார்கள், எதிர் நாற்காலியில் தெரிந்த முகம் உட்கார்ந்திருக்குமோ என்ற பயத்தில்.

என் அப்பாவின் கடைசித் தங்கை 1986இல் எங்கள் வயல் கிணற்றில் இறந்தாள். பத்தொன்பது வயது. துணி துவைக்கப் போனவள். தலை சுற்றி விழுந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். ஊர் நம்பவில்லை. கல்யாணமாகாத பெண் கிணற்றில் கிடந்தால் ஊருக்கு ஒரே கதைதான் தெரியும். யாரோ ஒருவனை அவளுக்குக் கட்டிவிட்டு, அவன் கைவிட்டான் என்று முடித்து, சில வருடம் அந்தக் கதையை வைத்துப் பிழைத்தது. எங்கள் வீடு அதை மறுக்கவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் பாட்டி சொன்னாள்: அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு இருந்தது. அன்றைக்குத் துவைகல் பக்கத்தில் அவள் ஒரு பக்கச் செருப்பு கிடந்த விதத்தைப் பார்த்ததுமே பாட்டிக்குத் தெரிந்துவிட்டதாம். ஏன் பாட்டி சொல்லவில்லை என்றேன். “பெரியவளுக்கு ஆவணியில தேதி வச்சிருந்தது” என்றாள். எனக்கும் கல்யாணம் முடிகிறவரை காத்திருந்துதான் அதைச் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஒழுக்கம் கெட்டவள் என்ற பெயரும் வலிப்புக்காரி என்ற பெயரும் இரண்டு தட்டில் வைக்கப்பட்டபோது, என் குடும்பம் முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. ஒழுக்கம் கெடுவது அவளோடு போய்விடும். வலிப்பு இரத்தத்தில் இருப்பது, அடுத்தவளுக்கும் வரும். இந்தக் கணக்கில் மருத்துவப்படி எவ்வளவு உண்மை இருக்கிறது? சில வகை வலிப்புகளில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. பலவற்றில் இல்லை. தலையில் அடி, பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், பக்கவாதம் எல்லாம் காரணமாகலாம். நம் பக்கத்துக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது: நாடாப்புழு முட்டை. கழிவு கலந்த நீரிலும் சரியாகக் கழுவாத கீரை காய்களிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மூளையில் தங்கி நீர்க்கட்டியாகிறது. பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் வரும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தங்கள் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுதான் காரணமாகத் தெரிந்தது. வேலூர் நமக்கு அடுத்த வீடு மாதிரி. கழிப்பறை இல்லாத தெருவின் நோயைப் பெண்ணின் பரம்பரை என்று எழுதிவைத்திருக்கிறோம்.

மருத்துவமும் இந்த விஷயத்தில் தூய்மையானதாக இருந்ததில்லை. வலிப்புக்கு முதன்முதலில் பலன் தந்த நவீன மருந்து பொட்டாசியம் புரோமைடு. 1857இல் லண்டனில் அதைப் பற்றி முதலில் பேசியவர் சார்லஸ் லோகாக். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்தவர். மாதவிலக்கை ஒட்டி வலிப்பு வந்த பெண்களுக்கு அவர் அதைக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் தெரியுமா? புரோமைடு காம உணர்வை மட்டுப்படுத்தும் என்று நம்பினார்கள். பெண்களின் இந்த வலிப்புக்குக் கருப்பையும் காமமும்தான் மூலம் என்றும் நம்பினார்கள். காரணம் தவறு, மருந்து வேலை செய்தது. பெண்ணுடலைச் சந்தேகித்ததில் தற்செயலாகக் கிடைத்த மருந்து அது. ஐம்பத்தைந்து வருடம் கழித்து, 1912இல், ஃபீனோபார்பிடோன் வந்தது. 1938இல் எப்டாயின் என்று நாம் அறிந்த ஃபெனிடாயின். இரண்டும் இன்றைக்கும் மலிவு, இன்றைக்கும் பயன்படுகின்றன. கர்நாடகத்தின் எலந்தூரில் டாக்டர் கே.எஸ். மணியும் சகாக்களும் இந்த இரண்டு பழைய மாத்திரைகளை வைத்துக்கொண்டே கிராமத்து நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஆனால் ஃபெனிடாயின் நீண்ட நாள் சாப்பிட்டால் ஈறு தடிக்கும், முகத்தில் முடி வளரும். வயதுப் பெண்கள் மாத்திரையை ஜன்னல் வழியே வீசுவதற்கு இது போதும். ‘பொறுப்பில்லாத நோயாளி’ என்று அட்டையில் எழுதுகிறவர் அவளிடம் கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாகாது. வலிப்பு போலவே இருக்கும், மூளையில் மின்கோளாறு இருக்காது; மனத்தின் நெருக்கடியை உடல் அப்படி வெளியிடுகிறது. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடிக்கிறாள் என்று வெங்காயத்தை மூக்கில் தேய்ப்பதும் கிள்ளுவதும் மருத்துவமனை வராந்தாக்களிலேயே நடக்கிறது. அவள் நடிக்கவில்லை. அது அவள் கட்டுப்பாட்டில் இல்லாதது. அதற்கு வலிப்பு மாத்திரையால் பயனில்லை, மனநலச் சிகிச்சை வேண்டும். இரண்டையும் பிரித்தறிய மீண்டும் சாட்சிதான் தேவை. இப்போது கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை நரம்பியல் மருத்துவர்களே கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து மேல்மலையனூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சலைப் பார்க்க வருகிற கூட்டத்தில் ‘பிடித்திருக்கிறது’ என்று கூட்டிவரப்பட்ட பெண்களைப் பார்க்கலாம். அவர்களில் யாருக்கு வலிப்பு, யாருக்கு மனத்துயர், யாருக்கு வீட்டில் அடி என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கோயிலைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. மற்ற நாளெல்லாம் வாய் திறக்காத ஒருத்தி, அந்த ஓர் இரவில் தலைவிரித்து, மாமியாரைப் பெயர் சொல்லித் திட்ட முடிகிற இடம் அது. ஆனால் மூளையில் மின்கோளாறு உள்ளவளுக்கு, இராத்தூக்கம் விழிப்பதும் பட்டினி கிடப்பதும் மாத்திரையை நிறுத்துவதும்தான் வலிப்பை இழுத்துவரும் காரணங்கள். நேர்த்திக்கடன் அந்த மூன்றையும் ஒருசேரச் செய்கிறது. (கல்யாணமும் அப்படித்தான். அதிகாலை முகூர்த்தத்துக்காக இரவெல்லாம் விழிப்பு, தாலி ஏறும்வரை பட்டினி, சொந்தக்காரர் நடுவில் மாத்திரை டப்பாவை எடுக்க முடியாத நிலை.) கையில் சாவி கொடுப்பதும் அப்படி ஒரு நம்பிக்கை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடத்தில் தாமாகவே நிற்கின்றன. இரும்பைத் தேடி எடுத்துவர அந்த நேரம் ஆகிறது. கடிகாரத்துக்குப் போக வேண்டிய புகழ் சாவிக்குப் போய்விட்டது. செய்ய வேண்டியது, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், இறுக்கிப் பிடிக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது.

இதையெல்லாம் புகுந்த வீட்டில் யார் செய்வார்கள்? மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். மாத்திரை பவுடர் டப்பாவுக்குள் போகிறது. வேளைக்கு எடுக்க முடியாது. தீர்ந்தால் வாங்கி வரச் சொல்ல ஆள் இல்லை. குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதே என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நாலு ஆண்கள் நடமாடும் புது வீட்டில் எந்த மருமகள் தாழ்ப்பாள் போடாமல் குளிப்பாள்? அடுப்படியில், கிணற்றடியில் தனியாக நிற்காதே என்றிருப்பார். அங்கேதான் அவளை நிறுத்தப்போகிறார்கள். பிறகு கர்ப்பம். வலிப்புக்குப் பரவலாக எழுதப்படும் சோடியம் வால்ப்ரோயேட்டைக் கருவுற்ற காலத்தில் எடுத்தால், பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். முப்பது நாற்பது சதவீதக் குழந்தைகளுக்குப் பேச்சிலும் கற்றலிலும் வளர்ச்சி பின்தங்கலாம். பயந்து தானாகவே நிறுத்தினால் வலிப்பு பெருத்து, தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்து. லெவெடிரசிடாம், லாமோட்ரிஜின் என்று பாதுகாப்பு கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஃபோலிக் அமிலத்தோடு, கருவுறுவதற்குப் பல மாதம் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேட்டை 1998 முதல் நடத்துகிறார்கள். சரியாகக் கவனித்தால் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைப் பெறுகிறார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் முன்கூட்டித் திட்டமிட இரண்டு பேர் சேர்ந்து பேச வேண்டும். கணவனுக்கே தெரியாத நோய்க்கு எப்படித் திட்டமிடுவது?

ஆகவே மறைப்பதில் முதல் பாதிப்பு அவளுக்கு, அவள் உயிருக்கு. ‘அந்தப் பையனுக்கும் ஒரு வாழ்க்கை இல்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். நடு இரவில் பக்கத்தில் ஓர் உடல் இழுப்பதை, அது என்னவென்றே தெரியாமல் பார்க்கிற எந்த மனிதருக்கும் அது கொடுமைதான். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த உரிமை இரண்டு பக்கமும் ஓட வேண்டும். பெண்ணின் மூளையைத் திறந்து காட்டச் சொல்லும் சபையில், மாப்பிள்ளையின் கல்லீரலைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேர் எழுந்து போவார்கள்?

இங்கே வந்துதான் எனக்கு என் பாடப்புத்தகம் கைகொடுத்தது. அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை. மகள் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள். தாய் பயந்து வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து முருகன் பிடித்திருக்கிறான் என்கிறான், ஆட்டுக்குட்டி சாகிறது. நோயின் உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும். வேலன் அழைப்புக்கு வந்து நின்ற முருகனையே கேலி செய்கிற பாட்டு நற்றிணையில் இருக்கிறது. தவறான நோயறிதலைப் பற்றி இவ்வளவு கூர்மையாக எழுதியவர்கள் வேறு யார் என்று எனக்குத் தோன்றும். அதற்கடுத்து வருவது அறத்தொடு நிற்றல். மறைந்திருப்பதை வெளியே சொல்வதற்குத் தமிழில் வைத்த பெயர் அது. தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு. தந்தையும் அண்ணன்மாரும் குறிப்பால் உணர்வார்கள். சொல்லும் வழிகளைத் தொல்காப்பியம் ஏழாக வகுக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்வது அந்த ஏழில் கடைசி.

இருபது வருடமாக இதை நடத்துகிறேன். அறம் என்ற சொல்லையே விளக்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை நிற்றல் என்ற சொல்லில் கண் நின்றது. தலைவி நடு முற்றத்தில் தனியாக நின்று ஒப்புக்கொள்வதாக இலக்கணம் அமைக்கவில்லை. சொல்வதற்கு அவள் பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வாங்கிக்கொள்கிற ஒவ்வொருத்தியும் அதைச் சரியான அடுத்த காதுக்கு மட்டும் கொண்டுபோகிறாள். ஊர் வாய்க்குப் போவதற்குப் பெயர் அலர். அது வேறு துறை. சொல்வதற்கு மட்டும் அறம் வகுக்கவில்லை அவர்கள், கேட்பதற்கும் வகுத்திருக்கிறார்கள். நாம் அந்தப் பாதியைத் தொலைத்துவிட்டோம். உண்மையைச் சொல் என்று பெண்ணிடம் கேட்கிறவர், ‘இது என்னோடு இருக்கும், கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும்’ என்று முதலில் சொல்கிறாரா? செஞ்சி சின்ன ஊர். பேருந்து நிலையத்தில் ஒருவர் காதில் விழுந்தது சிங்கவரம் போய்ச் சேர இங்கே நேரம் ஆகாது. சொன்னவளுக்கு ஒரு வரன் மட்டும் போவதில்லை, இனி வரப்போகிற அத்தனையும் போகலாம். கேட்கிறவருக்கு எந்தக் கடமையும் இல்லாத இடத்தில் சொல்லாமல் இருப்பவளைப் பொய்க்காரி என்று சொல்ல என்னால் முடியாது.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். தட்டு மாற்றும் சபையில் சொல்லாதே. அவனிடம் சொல், நிச்சயத்துக்கு முன்னால் சொல், காதோடு காதாக இல்லாமல் நோயின் பெயரைச் சொல்லியே சொல், டாக்டரிடம் உன்னோடு வரச்சொல். அவனைப் பற்றியும் கேள். நீ பேசும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன். மாதச் சம்பளமும் சொந்த வீடும் உள்ளவளுக்கு இதைச் சொல்வது எளிது என்று அவள் நினைத்திருப்பாள், அது உண்மையும்கூட.

அவள் சொன்னாள். பையன் பொறுமையாகத்தான் கேட்டான், மாத்திரை எத்தனை வேளை என்றுகூட விசாரித்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. வேண்டாம் என்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு. பத்து நாளைக்குள் பிளவுஸ் தைக்கக் கொடுத்த இடத்தில் ஒருத்தி அவள் அம்மாவிடம், “பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லையாமே” என்று கேட்டிருக்கிறாள். அம்மா என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகும்போது அந்த அம்மாவும் உள்ளே போயிருக்கிறாள். அதுவரை அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாளாம், முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு. டாக்டர் பழைய கேள்விகளையே கேட்டிருக்கிறார். இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததாலோ என்னவோ, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்: முதலில் வாய் சப்புக்கொட்டும், அப்புறம் கழுத்து இடது பக்கம் திரும்பும், இடது கைதான் முதலில் இழுக்கும், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஏழு வருடமாகப் பார்த்தவள். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டாராம். எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்து, வால்ப்ரோயேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றப் புது அட்டை போட்டிருக்கிறார். எந்த வாரம் எத்தனை என்ற கணக்கை அம்மாதான் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள் என்று அவள் போனில் சொன்னாள். எம்.ஏ. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்றும் கேட்டாள்.